ரவாங்கில் ஞாயிறு என்றால் படப்பிடிப்பு

"அக்கா, உங்க குரல் வேணும். ரெண்டு வரிதான். காசு கெடையாது. சாப்பாடு உண்டு."

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு இப்படிப்பட்ட செய்திகள் வாரத்துக்கு நாலைந்து வரும். தங்கைக்குப் பிறந்தநாள் வாழ்த்து, மாமாவின் கடைத் திறப்பு விழா, பள்ளிப் பரிசளிப்பு. முடிந்ததைச் செய்வேன், முடியாததற்கு நன்றி சொல்லி விலகிக்கொள்வேன். இந்தச் செய்தியில் காசு கிடையாது என்பதை இரண்டாவது வரியிலேயே போட்டு உடைத்த நேர்மை பிடித்திருந்தது. எங்கே என்று கேட்டேன். ரவாங் என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை கே.எல். சென்ட்ரலில் வடக்கே போகும் கொமுட்டர் ரயிலில் ஏறினேன். பேங்க் நெகாரா, செகாம்புட், கெப்போங், சுங்கை பூலோ, குவாங் என்று நகரம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே போகும். அதற்கு அடுத்து ரவாங். தலைநகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனாலும் கோலாலம்பூர்க்காரர்கள் பலருக்கு ரவாங் என்பது ஈப்போவுக்குப் போகும் வழியில் வரும் ஒரு பெயர்ப்பலகை. எங்களைப் போன்ற அறிவிப்பாளர்களுக்கோ, காலை ஏழு மணிச் சாலை நிலவரத்தில் வரும் ஒரு பெயர். "ரவாங்கிலிருந்து தலைநகர் நோக்கி வாகனங்கள் மெதுவாக நகர்கின்றன" என்று எத்தனை நூறு முறை சொல்லியிருப்பேன்! அந்த வாகனங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் காலை நாலரைக்கு எழுந்தவர்கள். இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவார்கள். "நாங்க ரவாங்ல இருக்கோம்னு சொல்றதவிட, ரவாங்ல தூங்குறோம்னு சொல்றதுதான் சரி" என்றார் என்னை அழைத்துப்போக வந்த தம்பி.

அவர்தான் இயக்குநர். வயது 27. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். பக்கத்துச் சுங்கை சோவில்தான் பெரோடுவா தொழிற்சாலை இருக்கிறது. 1994இல் வந்த கஞ்சில் காரிலிருந்து இன்றுவரை, இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒருவராவது காரோடு தொடர்புள்ள வேலையில் இருப்பார். அதற்கு முந்தைய தலைமுறைக்கு சிமெண்டு ஆலை. அதற்கும் முந்தைய தலைமுறைக்குப் பால்மரம். அதற்கும் முன்னால் ஈயம்.

ஈயம் என்றதும் ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும், சினிமாவோடு அதற்குத் தொடர்பு உண்டு. 1894இல் ரவாங்கில் ஓர் ஈயச் சுரங்கத்தில் மின்சார இயந்திரத்தை வைத்து வேலை தொடங்கினார்கள் இரண்டு முதலாளிகள். ஒருவர் லோக் இயூ. இன்னொருவர் கே. தம்புசாமிப் பிள்ளை, பத்துமலை முருகன் கோயிலுக்கும் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலுக்கும் காரணமான அதே தம்புசாமிப் பிள்ளை. இந்த நாட்டின் மின்சார வரலாற்றை எழுதுபவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். லூமியேர் சகோதரர்கள் பாரிசில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28. உலகத்தில் சினிமா என்ற ஒன்று வருவதற்கு முந்தைய ஆண்டே ரவாங்கில் மின்சாரம் வந்துவிட்டது! அதோடு முடியவில்லை. லோக் இயூவின் மகன் லோக் வான் தோ, பின்னாளில் கேத்தே நிறுவனத்தை நடத்தித் தென்கிழக்காசியா முழுக்கத் திரையரங்குகள் கட்டினார். ஈயத்தில் வந்த பணம் சினிமாக் கொட்டகை ஆனது.

இதை வண்டியில் வரும்போது அந்தத் தம்பியிடம் சொன்னேன். "அப்ப நாங்க லேட்டா வந்திருக்கோம், அக்கா" என்றார்.

படப்பிடிப்பு நடந்த இடம் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. மின்தூக்கி இல்லாத கட்டடம். போனதும் பசியாறச் சொன்னார்கள். ஒட்டுக்கடையிலிருந்து வாங்கி வந்த இட்லி, சம்பல் தனியாகக் கட்டிய நாசி லெமாக், பிளாஸ்டிக் பையில் தே தாரேக். குழுவில் ஏழு பேர். ஒளிப்பதிவாளர் சனிக்கிழமைகளில் கல்யாண வீடியோ எடுப்பவர். ஒலிக்குப் பொறுப்பான தங்கை கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள். ஐந்தாம் படிவத்துப் பையன் ஒருவன் தரை துடைக்கும் மாப்புக் கட்டையின் நுனியில் மைக்கைக் கட்டித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இந்த ஆண்டு அவனுக்கு எஸ்.பி.எம். தேர்வு. அவன் அம்மாவிடம் டியூஷன் என்று சொல்லியிருக்கிறானோ என்னவோ, நான் கேட்கவில்லை.

என்னுடைய இரண்டு வரி என்ன தெரியுமா? படத்தில் ஒரு பாட்டி சமையலறையில் நிற்கும்போது வானொலியில் ஒலிக்கும் சாலை நிலவரம். "ரவாங்கிலிருந்து தலைநகர் நோக்கி..." அதேதான். அவர்கள் கேலிக்காக எழுதவில்லை. அந்த ஊரின் காலைநேரச் சத்தங்களில் அதுவும் ஒன்று என்பதால் எழுதியிருக்கிறார்கள். துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுப் பேசச் சொன்னாள் அந்தத் தங்கை. துணி எதிரொலியை விழுங்கிவிடும். எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவர்கள் செய்யும் வேலையை அங்கே நாலு புடவையும் ஒரு கம்பளியும் செய்தன.

வானொலிக்காரி என்பதால் என் காது எப்போதும் கண்ணுக்கு முன்னால் போகும். வீட்டில் படம் எடுக்கும் எல்லாருக்கும் ஒன்று சொல்வேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். இந்தக் குழு அதை யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடித்திருந்தது. காற்றாடியை நிறுத்தினார்கள். குளிர்பெட்டியை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் இயக்குநர் தன் கார் சாவியைக் குளிர்பெட்டிக்குள் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "வீட்டுக்குப் போறப்ப சாவியத் தேடுவேன்ல. அப்ப பெட்டிய மறுபடி ஆன் பண்ண ஞாபகம் வரும். இல்லாட்டி பாட்டி வாங்கி வச்சிருக்கிற கோழி கெட்டுப் போயிரும்." உலகம் முழுக்க ஒலிப்பதிவாளர்கள் செய்யும் தந்திரம் இது. நடிப்பவர்களின் சட்டைப் பையில் இன்னொரு கைப்பேசியை ஒலிப்பதிவில் வைத்துவிட்டு, தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டுகிறார்கள். பிறகு படத்தையும் ஒலியையும் அந்தத் தட்டலை வைத்து ஒட்டிக்கொள்ளலாம். காட்சி முடிந்ததும் அரை நிமிடம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அறையின் அமைதியைப் பதிவு செய்கிறார்கள். அமைதிக்கும் ஒரு சத்தம் உண்டு. வசனங்களுக்கு நடுவே அதை நிரப்பாவிட்டால் படம் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

அமைதி கிடைப்பதுதான் கஷ்டம். ரவாங்கில் ரயில் பாதை ஊருக்குள் ஓடுகிறது. கொமுட்டர், இ.டி.எஸ்., சரக்கு ரயில். ஒவ்வொன்றுக்கும் படப்பிடிப்பு நிற்கும். தொழுகை அழைப்புக்கு நிற்கும். கீழ்மாடியில் யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கினால் நிற்கும். அந்தத் தங்கையின் குறிப்பேட்டில் ரயில் நேர அட்டவணை இருக்கிறது, படப்பிடிப்பு அதை ஒட்டித்தான் நடக்கிறது.

இதையெல்லாம் விட எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. அந்த வீட்டில் ஒத்திகையின்போது நடிகர் தம்பி பேசியது இப்படி: "என்னா லா நீ, காடிய அங்கயே போட்டுட்டு வந்துட்ட?" கேமரா ஓடத் தொடங்கியதும் அதே வரி இப்படி ஆகிவிட்டது: "ஏன்டா, வண்டிய அங்கயே விட்டுட்டு வந்துட்ட?" காடி வண்டியாகிவிட்டது. 'லா' காணாமல் போய்விட்டது. குரலே அரை இஞ்சு கனத்துவிட்டது. ரவாங்கில் பிறந்து ரவாங் தமிழ்ப்பள்ளியில் படித்த பையன், சிவப்பு விளக்கு எரிந்ததும் மதுரைக்காரனாகிவிடுகிறான்.

இது அவன் குற்றமல்ல. நாம் திரையில் கேட்டு வளர்ந்த தமிழ் அது. வானொலியிலும் ஒரு தமிழ் வைத்திருக்கிறோம். எழுதி வைத்துப் படிக்கும் தமிழ், செய்தித் தமிழ். நம் வீட்டில் பேசும் தமிழ், மலாயும் ஹொக்கியனும் ஆங்கிலமும் கலந்து நூறாண்டுக்கு மேல் இந்த மண்ணில் வளர்ந்த தமிழ், ஒலிவாங்கிக்கு முன்னால் வரக் கூச்சப்படுகிறது. அந்தக் கூச்சம் வசனத்தோடு நிற்பதில்லை. ரவாங்கில் எடுக்கப்படும் படத்தில் ரவாங் இருக்காது. அடுக்குமாடியின் துணிக்கொடி வராதபடி கேமராவைத் திருப்புவார்கள். ஐந்தடிச் சாலைக் கடைகளைத் தவிர்ப்பார்கள். கதாநாயகன் நடந்து வருவதற்குப் புறவழிச்சாலைத் தூண்கள் வேண்டும். 2017இல் திறந்த அந்தப் புறவழிச்சாலையின் உயரமான தூண் 58 மீட்டருக்கு மேல், கீழே நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் யாரும் ரஜினி மாதிரித் தெரிவார்கள். (அந்தச் சாலையை அவ்வளவு உயரத்தில் கட்டியதற்குக் காரணம் கீழே இருக்கும் கஞ்சிங் காடு. கியாம் கஞ்சிங் என்ற மரம் உலகத்தில் அந்தக் காட்டில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. அதைக் காட்டிய ஒரு குறும்படத்தையும் நான் இதுவரை பார்த்ததில்லை. கஞ்சிங் நீர்வீழ்ச்சியின் ஏழு அடுக்குகளிலும் பாட்டுக் காட்சி எடுத்தாகிவிட்டது.)

இந்தக் குழுவும் முதலில் எழுதியது ஒரு குண்டர் கும்பல் கதைதான். இரண்டு நண்பர்கள், ஒரு துரோகம், ஒரு பாராங் கத்தி, மெதுவாக ஓடும் ஒரு சாவு. பாட்டிக்கு அதில் ஒரே காட்சி. செத்துக் கிடக்கும் பேரனைப் பார்த்துக் கதறி அழ வேண்டும். பாட்டி என்று நான் சொல்பவர் இரண்டாவது மாடியில் இருப்பவர். எழுபதைத் தாண்டியவர். முப்பது வருடங்களுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். வாழ்க்கையில் ஒரு நாடகத்தில்கூட நடித்ததில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்களே என்று வந்திருக்கிறார்.

தரையில் பாய் விரித்து நடிகர் தம்பியைப் படுக்கவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி, எல்லாம் தயார். பாட்டி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு இயக்குநரிடம் திரும்பினார்.

"தம்பி, உசுரோட இருக்கிற புள்ளையச் செத்துட்டான்னு வச்சு என்னைய அழச் சொல்றியா?"

"நடிப்புதானே பாட்டி."

"எதுவா இருந்தாலும் அழ மாட்டேன். நான் ஒரு தடவ அழுதாச்சு."

யாரும் பேசவில்லை. பிறகுதான் பாட்டியின் மகள் ஒளிப்பதிவாளரைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கிறார், பாட்டியின் மூத்த மகன் எப்படிப் போனார் என்று. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவரை வைத்தே கதை எழுதியதுபோல் இருந்திருக்கிறது இவர்கள் எழுதியது. இவர்கள் அதுவரை சினிமாவில் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள்.

நான் போவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னால் நடந்தது இது. அன்றைய படப்பிடிப்பு நின்றுவிட்டது. பாராங் கத்தி, இரவல் வாங்கிய வீட்டின் சமையலறைக்கே திரும்பிப் போனது. இரண்டு ஞாயிறுகள் ஒன்றும் நடக்கவில்லை. குழுவில் ஒருவர் விலகிக்கொண்டார், சண்டை இல்லாத படத்தை யார் பார்ப்பார்கள் என்று. மூன்றாவது ஞாயிறு இயக்குநர் பாட்டியிடம் போய், உங்களுக்கு என்ன சொல்லத் தோன்றுகிறது என்று கேட்டிருக்கிறார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. "வா, கடைக்குப் போவோம்" என்று அழைத்துப்போனார். பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் நின்று, இங்கேதான் பெரட்டுக் களம் என்று சொன்னார்.

அதுதான் இப்போது படம். பாட்டியும் பேரனும் கடைக்குப் போகிறார்கள். பேரன் அவசரப்படுகிறான். பாட்டி கார் நிறுத்துமிடத்தில் நின்றுவிடுகிறார். விடியுமுன் ஐந்து மணிக்கு வரிசையில் நின்று பெயர் கொடுத்த இடம் எது, நெற்றி விளக்கோடு நிரை பிடித்து நடந்தது எந்தப் பக்கம், காண்டா வாளி சுமந்து பாலை நிறுக்கப் போன வழி எது, பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுகிறார். அவர் காட்டும் இடங்களில் தள்ளுவண்டிகளும் பணம் செலுத்தும் இயந்திரமும் நிற்கின்றன. பதினொரு நிமிடம். அவ்வளவுதான் கதை.

கார் நிறுத்துமிடத்தில் அனுமதி இல்லாமல் படம் எடுக்க முடியாது என்று காவலாளி இரண்டு முறை விரட்டியிருக்கிறார். நியாயம்தான், அது தனியார் இடம். மூன்றாவது முறை பாட்டியே அவரிடம் மலாயில் பேசினார். காவலாளி நேபாளத்துக்காரர். பாட்டி சொன்னதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. அரை மணி நேரம் கொடுத்தார்.

அனுமதி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. படத் தயாரிப்புக்கு உரிமம் வேண்டும் என்பது 1981ஆம் ஆண்டின் பினாஸ் சட்டத்திலேயே இருக்கிறது. 2020 ஜூலையில், சமூக ஊடகத்துக்காக எடுக்கும் காணொளிக்கும் அந்த உரிமம் வேண்டும் என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் ஒரு பதில் வந்ததும் நாடே கொதித்தது. சில நாள்களில் அரசாங்கம் விளக்கம் தந்தது, சமூக ஊடகத்தில் போடுபவர்கள் வழக்கம்போலப் போடலாம் என்று. அந்த வாரம் எங்கள் நிலையத்துக்கு வந்த அழைப்புகளில் பாதி இதைப் பற்றித்தான். பூனை வீடியோவுக்கும் உரிமமா என்று ஒரு அம்மா கேட்டார். சிரித்தோம். ஆனால் ரவாங் மாதிரி ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை படம் எடுப்பவர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது.

நம்மில் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களை யாரும் மதிப்பதில்லை. கத்துக்குட்டி என்போம். மேலை நாடுகளில் 1923இல் கோடாக்கின் 16 மில்லிமீட்டர் கேமரா வந்ததிலிருந்தே வசதியுள்ள குடும்பங்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமெடுத்தன. 1965இல் சூப்பர் 8 வந்ததும் அது நடுத்தரக் குடும்பங்களுக்கும் இறங்கியது. அன்றைக்கு நம் தோட்டத்து லயங்களில் கேமரா ஏது? புகைப்படமே கல்யாணத்துக்கும் அடையாள அட்டைக்கும்தான். நமக்கு வந்த முதல் வீட்டுச் சினிமா கல்யாண வீடியோ. வி.எச்.எஸ். நாடாவில், மணமக்களின் முகத்தைச் சுற்றி இதயம் சுழலும் அந்த மூன்று மணி நேரப் படம். ஆகவே தோட்டத்தில் வாழ்ந்தவர்களே எடுத்த தோட்டத்து அசையும் படம் மிகக் குறைவு. அது இருந்தால் பாட்டி கார் நிறுத்துமிடத்தில் நின்று கையை நீட்ட வேண்டியதில்லை.

பிறகு வந்தவர்கள் அந்த இடைவெளியை நிரப்ப முயன்றார்கள். தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இல் தோட்டத்து வாழ்க்கையைக் காட்டியது. டிஜிட்டலில், சிறிய செலவில் எடுக்கப்பட்டு வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களுக்குப் போன படம். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்பதுதான் அதன் கதை. அதிலும் குண்டர் கும்பல் உண்டு. ஆனால் அது பன்னிரண்டு வயதுப் பையனின் கண்ணில் தெரியும் கும்பல். படத்தின் பெயரே நம் வாயில் திரிந்த மலாய்ச் சொல், 'ஜஹாட்'. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் மொழியை வைத்துப் படங்களைப் பிரிக்கலாமா என்று பெரிய சர்ச்சை எழுந்து ஓய்ந்த பிறகு, சிறந்த மலேசியப் படம் என்ற விருதை அது வாங்கியது. நம் வீட்டில் பேசும் தமிழ் பெரிய திரையில் கேட்டபோது அரங்கில் எனக்கு உடம்பு சிலிர்த்தது நினைவிருக்கிறது. தமிழ்நாட்டில் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் வந்ததைப் பார்த்து இங்கே எத்தனையோ பேர் கேமரா தூக்கினார்கள். அதில் தப்பில்லை. அவர்கள் எங்கே நின்று படமெடுத்தார்கள் என்பதைக் கவனிக்காமல் எப்படி எடுத்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால்தான் ரவாங் பையன் மதுரைக்காரனாகிறான்.

ஞாயிற்றுக்கிழமைப் படக்காரர்களுக்கு ஒரு பெரிய முன்னோடியும் உண்டு. சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே விடுமுறை நாள்களில்தான் 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கினார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு முன் திரைப்படக் கேமராவைத் தொட்டதில்லை. நாணல் பூத்த வெளியில் அக்காவும் தம்பியும் ரயில் பார்க்கும் காட்சியில் பாதியை ஒரு ஞாயிறு எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் பூவையெல்லாம் மாடுகள் தின்றுவிட்டிருந்தன. மறுபடி பூக்க ஓர் ஆண்டு காத்திருந்தார்கள். இதை நான் சொன்னபோது ஒளிப்பதிவாளர் தம்பி சிரிக்கவில்லை. ஊரின் ஓரத்தில் மிச்சமிருந்த கொஞ்சம் பால்மரங்களைப் பாட்டியோடு போய்ப் பாதி எடுத்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு போனால் செம்மண் தரை மட்டும். "எங்களுக்கு மாடு இல்ல அக்கா, புல்டோசர். இது மறுபடியும் பூக்காது." எடுத்த பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். படத்தில் அது பதினாறு வினாடி வருகிறது. பாட்டி ஒரு மரத்தின் பட்டையில் பழைய வெட்டுத் தழும்பை விரலால் தடவுகிறார். உளியைப் பிடித்த கை என்பது யாரும் சொல்லாமலே தெரிகிறது.

பாட்டிக்கு வசனம் எழுதிக் கொடுத்தார்கள். அவர் ஒரு வரியும் பேசவில்லை. தனக்கு வந்ததைத்தான் பேசினார். அவர் அப்படிப் பேசப் பேச, பேரனாக நடித்த அந்தத் தம்பிக்கும் வேறு வழியில்லாமல் போய்விட்டது. பாட்டி காடி என்றால் அவனும் காடி என்றுதான் சொல்ல வேண்டும். நாலாவது டேக்கில் 'லா' திரும்பி வந்தது. ஒலிப்பதிவுத் தங்கை என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள்.

மொத்தச் செலவு 412 வெள்ளி. இதில் சாப்பாடுதான் பாதிக்கு மேல். திரை இரவல், புரொஜெக்டர் வாடகை. இரண்டு மாதம் கழித்துத் திரையிட்டபோது என்னையும் அழைத்தார்கள். குடியிருப்புப் பக்கத்துப் பூப்பந்து மைதானம், கம்பத்தில் கட்டிய வெள்ளைப் படுக்கைவிரிப்பு, கோயிலிலிருந்து வந்த ஒலிபெருக்கி. கொசுவுக்கு நாலு சுருள். அறுபது பேர் இருக்கலாம். இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சீருடையோடு பின்னால் நின்று பார்த்தார்கள்.

படத்தில் பாட்டி முதல் காட்சியில் பேரனிடம் "பசியாறிட்டியா?" என்று கேட்கிறார். கூட்டம் சிரித்தது. நகைச்சுவை ஒன்றும் இல்லை. திரையில் தங்கள் வீட்டு வார்த்தை கேட்டதற்கான சிரிப்பு அது. பிறகு சிரிப்பு நின்றது. கார் நிறுத்துமிடக் காட்சியில், ஆயாக்கொட்டகை இங்கே இருந்தது என்று பாட்டி கையை நீட்டியதும், முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்துவிட்டார்.

"அங்க இல்ல! கொட்டக ஸ்டோருக்குப் பின்னாடி!"

"ஸ்டோருக்குப் பின்னாடி மாட்டுக் கொட்டாயி. நீ கிராணி வீட்டுப் பக்கத்தச் சொல்ற" என்றார் இன்னொரு அம்மா.

பாட்டி திரும்பிப் பார்த்தார். "நான்தானே என் புள்ளைங்கள விட்டுட்டுப் போனேன். எனக்குத் தெரியாதா?"

படம் தன் பாட்டுக்கு முடிந்தது. யாரும் கை தட்டவில்லை, ஏனென்றால் வாக்குவாதம் முடியவில்லை. நாலு பெரியவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, ஒருவர் குச்சியால் மண்ணில் லயங்களை வரைந்தார். இது எட்டு வீட்டு லயம், இது தண்ணிக் குழாய், இது பிள்ளையார் கோயில், இது தண்டல் வீடு. இன்னொருவர் அதைக் காலால் அழித்துவிட்டு வேறு மாதிரி வரைந்தார். சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். பதினொரு நிமிடப் படத்துக்கு நாற்பது நிமிடத் தகராறு. ஒளிப்பதிவாளர் தம்பி புரொஜெக்டரை மறந்துவிட்டுக் கேமராவை எடுத்தார். மாப்புக் கட்டைப் பையன் சொல்லாமலே மைக்கை நீட்டினான். அந்த நாற்பது நிமிடமும் பதிவாகியிருக்கிறது. சண்டை இல்லாத படத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டு விலகிப்போனவரும் அன்று வந்திருந்தார். அவர்தான் கைப்பேசி விளக்கை மண் வரைபடத்தின் மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த படத்துக்குப் பத்து ஆராங் போகப் போகிறார்கள். ரவாங்கிலிருந்து பக்கம்தான். 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டிய ஊர், பழைய புகைபோக்கிகள் இன்னும் நிற்கின்றன. சுரங்கத்துக்குச் சைக்கிளில் வேலைக்குப் போன ஒரு தாத்தாவின் கதை என்று சொன்னார்கள். தேதி இரண்டு முறை மாறிவிட்டது, தொழிற்சாலையில் ஆண்டு இறுதி ஓவர்டைம். கேரியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்று செரண்டாவில் கிடைத்துவிட்டதாம். அதை ஓட்டத் தெரிந்த, மூட்டுவலி இல்லாத தாத்தாவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.